மலைச்சரிவில் ஒரு தலையணை உறை

டோலாட்ஸ், மார்ச் 3, 1997

அன்புள்ள பால்மிரா,

நீ உன் தங்கை ஃபிலா வீட்டுக்குப் போய் இன்றோடு நாற்பத்திரண்டு நாள். இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றும் நீளமாகிவிட்டன. மூன்றாவதைப் படித்துப் பார்த்தபோது என்ன சொல்ல வருகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. இதில் சுருக்கமாக இருக்கப் பார்க்கிறேன்.

தொலைபேசியில் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் ஃபிலாதான் எடுத்தாள். "யேர்கோ, அவ குளிக்கிறா" என்றாள். காலையிலும், மத்தியானத்திலும், மறுநாள் சாயங்காலத்திலும் நீ குளித்துக்கொண்டிருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

என் தவறு எந்த இடத்தில் நடந்தது என்று கண்டுபிடிக்க, நடந்ததை வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தேன். ஜனவரி 19, ஞாயிறு. நீ கோவிலில் இருந்தாய். ஊராட்சித் தலைவர் ஸ்ரெச்கோ ஒரு தாளோடு வந்தார். சாலையை அகலப்படுத்த நம் தோட்டத்து மூலையில் இரண்டு மீட்டர் வேண்டும் என்றார். அந்த மூலையில்தான் உன் அப்பா பாறையில் வெட்டிய மழைநீர்த் தொட்டி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தாளைப் படித்தேன். வரைபடம் சரியாக இருந்தது. முப்பத்தைந்து வருடம் நில அளவையில் இருந்தவன், சரியான வரைபடத்தைப் பார்த்தால் என் கை தானாகப் பேனாவைத் தேடும். கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கடையில் யாரோ சொல்லி உனக்குத் தெரிந்தது.

நீ மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "கட்சிக்காரன் சொன்னான்னு அன்னைக்கு ஒரு மலைக்கே வெள்ளையடிச்ச. இன்னைக்கு இவன் சொன்னான்னு கையெழுத்துப் போட்ட. நாப்பத்தோரு வருஷத்துல எனக்காக ஒரு கல்ல நகர்த்தியிருக்கியா, யேர்கோ?"

நான் பதிலை யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் படகு போய்விட்டது.

இப்போது ஒரு கேள்வி. ஃபிலா வீட்டில் நீ தூங்கும் அறையின் ஜன்னல் கடலைத் தாண்டி நம் தீவைப் பார்த்ததுதானா? அந்த ஜன்னலின் அடிச்சட்டம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம்? காரணம் இப்போது சொல்லத் தைரியமில்லை. ஆனால் அவசியம் தேவை.

கோழிகள் நலம். சாம்பல் நிறக் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது.

உன்
யேர்கோ
(‘உன்’ என்று எழுதலாமா என்று தெரியவில்லை. அடித்துவிடவும் மனமில்லை.)


மாலி ப்ரோட், மார்ச் 11

யேர்கோ,

நாற்பத்திரண்டு நாள் என்று எண்ணியிருக்கிறாய். எண்ணுவதில் உன்னை யாரும் மிஞ்ச முடியாது.

ஜன்னல் உன் தீவைத்தான் பார்க்கிறது. வந்த நாளிலிருந்து அதன் மரக்கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். திறந்தால் முதலில் கண்ணில் படுவது கோலா மலை, அதன் அடியில் நம் வீட்டுக் கூரை. "ஏன்டி, பட்டப்பகல்ல விளக்கப் போட்டுட்டு ஒக்காந்திருக்க? கரெண்ட் பில்லு நீயா கட்டுவ?" என்று ஃபிலா தினமும் கத்துகிறாள். கத்தட்டும். உயரம் எத்தனை என்று எனக்குத் தெரியாது. அளக்கப் போவதும் இல்லை.

உன் வரிசையில் ஒரு இடம் தவறு. நீ கையெழுத்துப் போட்டதற்காக நான் போகவில்லை. என் அப்பா மூன்று கோடைக்காலம் கடப்பாரையால் வெட்டிய தொட்டிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாலை எல்லோருக்கும் வேண்டும், அதுவும் எனக்குத் தெரியும். "இருங்க, அவ வரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்" என்று ஐந்து வார்த்தை. அது உன் வாயில் வரவில்லை. உன் அம்மாவிடம் வரவில்லை, கட்சிக்காரனிடம் வரவில்லை, இந்த ஸ்ரெச்கோவிடமும் வரவில்லை. அதற்காகத்தான் போனேன். உன் தாளில் திருத்திக்கொள்.

சாம்பல் கோழிக்கு முட்டை ஓட்டை இடித்துத் தவிட்டில் கலந்து வை. ஈர விறகை அடுப்பில் போடாதே, புகைபோக்கி அடைத்துக்கொள்ளும்.

பால்மிரா


டோலாட்ஸ், மார்ச் 24

அன்புள்ள பால்மிரா,

திருத்திக்கொண்டேன். நீ சொன்னதுதான் சரி.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் செய்யலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் அளவு இல்லாமல் மேலே போக முடியவில்லை. நான் கோலா மலையில் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன். பிப்ரவரி 10 முதல்.

1958இல் கட்சிக்காக அந்தச் சரிவில் எட்டு எழுத்தில் ஒரு வாசகத்தைக் கல்லால் அடுக்கினோம். ஒவ்வொரு எழுத்தும் முப்பது மீட்டர். கோடு போட்டுக் கொடுத்தவன் நான்தான். வருடா வருடம் மே மாதத்துக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்போம். ஆறு வருடத்துக்கு முன் அந்த ஆட்சி போனபோது பிள்ளைகள் ஏறிப்போய் எழுத்துகளைக் கலைத்தார்கள். கல் எங்கும் போகவில்லை. அங்கேயே சிதறிக் கிடக்கிறது. அந்தக் கற்களைப் பொறுக்கி உனக்காக ஒரு படம் அடுக்குகிறேன். என்ன படம் என்பதை மட்டும் சொல்லமாட்டேன். அகலம் முப்பத்தாறு மீட்டர்.

நான் ஓவியன் இல்லை. அன்றைக்கு எழுத்துகளின் வடிவம்கூட மேலிடத்திலிருந்து வந்த தாளில் இருந்தது. இதற்கும் ஒரு மூலத்தை வைத்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று கட்டம் கட்டித்தான் செய்கிறேன். சுயமாக எதுவும் வரையவில்லை, வரையத் தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

உயரம் கேட்டது இதற்காக. சரிவில் ஒரு வட்டத்தை அப்படியே போட்டால் எதிர்க்கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அமுங்கிய ரொட்டி மாதிரி தெரியும். அதனால் மேலும் கீழும் இழுத்துப் போட வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பது பார்க்கிற கண் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சரியாகத் தெரியப்போவது ஒரே இடத்திலிருந்துதான். அந்த இடம் உன் ஜன்னலாக இருக்க வேண்டும்.

டிங்கோவின் கோவேறு கழுதையை வாடகைக்குக் கேட்டேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். அடுத்த மாதம் ஊராட்சித் தேர்தல் இல்லையா.

"யேர்கோ மாமா, எந்தக் கட்சி? எங்கிட்ட மட்டும் சொல்லு. இப்பவே மாறிக்கறேன்."

"கட்சியெல்லாம் இல்ல, டிங்கோ. பால்மிராவுக்கு."

"அட, பால்மிராவா? தேர்தல்ல நிக்கிறாங்களா?"

இல்லை என்று எவ்வளவோ விளக்கினேன். அவன் நம்பவில்லை. "என் வீட்டுல அஞ்சு ஓட்டு" என்று சொல்லிக் கழுதையைச் சும்மாவே கொடுத்துவிட்டான்.

கல்லைத் தூக்குவதற்கு முன் குச்சியால் புரட்டிப் பார்க்கிறேன். அடியில் தேள் இருக்கிறது. மதியத்துக்கு உப்புக் கருவாடும் ரொட்டியும் கொண்டுபோகிறேன். ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கூடைக்கு மேல் முடியவில்லை.

உயரம் வேண்டும், பால்மிரா.

உன்
யேர்கோ


மாலி ப்ரோட், ஏப்ரல் 2

யேர்கோ,

உனக்கு வயது அறுபத்தெட்டு. முதுகெலும்பில் மூன்றாவது வளையம் தேய்ந்திருக்கிறது. அந்தச் சரிவில் விழுந்தால் உன்னைக் கீழே கொண்டுவர யார் இருக்கிறார்கள்? டிங்கோவா? அவன் கழுதையைத்தான் முதலில் இறக்குவான்.

நான் அளக்கவில்லை. உன் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன் (இந்தத் தடவை உண்மையிலேயே). திரும்பி வந்தால் ஃபிலா கையில் நாடாவோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். "நீ பேசாத. நான் உனக்காகச் செய்யல. என்ன படம்னு எனக்குத் தெரியணும்" என்றாள். துறைமுகத் தளம் தண்ணீரிலிருந்து ஒன்றேகால் மீட்டர். அங்கிருந்து வாசல்வரை அறுபத்தொன்பது படி, ஒவ்வொன்றும் பதினெட்டு சென்டிமீட்டர். வீட்டுக்குள் பதினேழு படி, அவை பதினாறு. தரையிலிருந்து ஜன்னல் சட்டம் தொண்ணூறு. கூட்டிக்கொள்.

நான் ஜன்னலைத் திறப்பதாகச் சொல்லவில்லை. அதையும் குறித்துக்கொள்.

முதுகுக்கு ரோஸ்மேரி எண்ணெய் இரண்டாவது தட்டில், வினிகர் பாட்டிலுக்குப் பின்னால். நாற்பத்தோரு வருடமாக அங்கேதான் இருக்கிறது. இருந்தாலும் உனக்குத் தெரிந்திருக்காது.

பால்மிரா


டோலாட்ஸ், ஏப்ரல் 28

அன்புள்ள பால்மிரா,

எண்ணெய் நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. ஃபிலாவுக்கு என் நன்றி.

அடுக்கும் வேலை முடிந்தது. எட்டு எழுத்தின் கல்லும் சரியாகத் தீர்ந்துவிட்டது, கடைசி ஓரத்துக்கு மட்டும் மேலே போய்ப் பதினோரு கூடை புதிதாகக் கொண்டுவந்தேன். இனி சுண்ணாம்பு. மழை இல்லை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் அடித்துவிடுவேன்.

இதற்கிடையில் ஒரு சிக்கல். நடுவில் உள்ள பகுதிக்கு முதலில் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தேன், கலவை எத்தனை கெட்டியாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. நடுவில் எட்டு முனை உள்ள ஒரு வடிவம் வருகிறது. அதைப் படகிலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலை ஸ்ரெச்கோ ஒரு போலீஸ்காரரோடு மலை ஏறி வந்தார். மறுபடியும் தலைவராக ஜெயித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. வியர்வையில் சட்டை நனைந்திருந்தது.

"என்ன இன்ஜினியரே, பழைய கட்சியோட நட்சத்திரம் திரும்ப மொளைக்குதா?"

"அதுக்கு அஞ்சு முனை. இதுல எட்டு இருக்கு" என்றேன்.

"மக்கள் எண்ணிப் பாத்துட்டா கோவப்படுவாங்க? செகப்பா வெள்ளையா, அஞ்சா எட்டா, மலையில நட்சத்திரம்னா நட்சத்திரம்தான். ரெண்டு வீட்டுல புள்ளைங்க போர்ல செத்திருக்கு. சரி, இது என்னதான் சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னிடம் சொல்லாததை அவரிடம் சொல்வது முறையில்லை என்று பட்டது. போலீஸ்காரர் கல்மேல் உட்கார்ந்து ஒரு காலணியைக் கழற்றி முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்ரெச்கோ பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பதினைந்து நாளில் நானே இதைக் கலைத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தது. கீழே என் பெயரும் புள்ளிக்கோடும்.

பேனாவும் கொடுத்தார். வாங்கினேன். அதை மறைத்து என்ன பயன். வாங்கி மூடியையும் கழற்றினேன். பிறகு மூடியைத் திரும்பப் போட்டு அவரிடம் கொடுத்து, "எம் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னது?" என்றார்.

இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"அவங்கதான் உங்கள விட்டுட்டு அந்தக் கரைக்குப் போயிட்டாங்களே!"

"ஆமா. அதனால கொஞ்சம் நாளாகும்."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். ஸ்ரெச்கோ சிரிக்கவில்லை. மே 9, வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் பதில் வேண்டும் என்று சொல்லி இறங்கிப் போனார்.

ஆகவே கேட்கிறேன். கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா? பார்க்காமல் நீ பதில் சொல்ல முடியாது. மே 4, ஞாயிறு, காலை பத்து மணிக்கு வெயில் சரிவில் நேராக விழும். அப்போது ஜன்னலைத் திறந்து பார். பௌர்ணமி நிலா அளவுக்குத் தெரிய வேண்டும். கணக்கில் தவறில்லை என்றால் சதுரம் சதுரமாகவும் வட்டம் வட்டமாகவும் இருக்கும். அது உன் கையிலிருந்து வந்ததுதான். கல்யாணத்துக்கு முன் நீ செய்தது. பார்த்தவுடன் உனக்குத் தெரியும்.

உனக்குப் பிடிக்காமல் போகலாம் என்றும் யோசித்தேன். அப்படியானால் மன்னித்துவிடு.

உன்
யேர்கோ


மாலி ப்ரோட், மே 6

யேர்கோ,

பார்த்தேன்.

கோவிலுக்குப் போகவில்லை. பத்து மணிக்கு ஃபிலா என் கையைப் பிடித்து இழுத்து ஜன்னல் கதவைத் தள்ளினாள். நூற்றுநான்கு நாள் சாத்தியிருந்த கதவு, கீல் இறுகிவிட்டது, இரண்டு பேரும் சேர்ந்து இடித்தோம். வெளிச்சம் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

சதுரம் சதுரமாக இருந்தது. வட்டம் வட்டமாக இருந்தது. ஒரு இழை கோணவில்லை. சாம்பல் மலையில் ஒரு லேஸ், கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு விரித்த மாதிரி. தலையணை உறையில் நடுவில் வைத்துத் தைக்கிற லேஸ். திறந்தது நல்லது என்று நினைத்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்ததைச் சொல்லப் போகிறேன்.

ஃபிலா துறைமுகக் காவலாளியிடம் பைனாகுலர் வாங்கி வைத்திருந்தாள். முதலில் அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னிடம் கொடுத்தாள். ஃபிலா பேசாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா? அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

யேர்கோ, அது என் லேஸ் இல்லை. அது உன் அம்மாவின் லேஸ்.

நடுவில் எட்டு முனைச் சக்கரம் யாருடையது? உன் அம்மா லூட்சே கிழவியுடையது. இந்தக் கடற்கரையில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் நடு வடிவம் தனி. ஓரம் எல்லோருக்கும் ஒன்று, நடுவைப் பார்த்துத்தான் யார் கை என்று சொல்வார்கள். என்னுடையது ஆறு சின்ன வட்டம். அதைத்தான் உன் அம்மா பந்தியில் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, "எம் மருமக லேஸ் போடல, முட்டை போட்டிருக்கா" என்றாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாய்.

வீட்டுப் பெட்டியில் ஒரு தலையணை உறைதான் இருந்திருக்கும். அது அவள் விட்டுவிட்டுப் போனது. என்னுடையதை ஜனவரியில் நான் வரும்போதே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்னை மூன்று மாதம் நினைத்துக்கொண்டு மலை ஏறினாய், சரி. நான் எதை எடுத்துக்கொண்டு போனேன் என்று ஒரு நாள் பார்த்தாயா?

மாலி ப்ரோட் முழுக்கச் சிரிக்கிறது. தளத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர்கள் பைனாகுலர்கூட இல்லாமல் கண்டுபிடித்துவிட்டார்கள். "ஏ பால்மிரா! ஒன் மாமியா செத்தும் ஒன்ன விடல பாரு! எழுந்திரிச்சு மலைமேல ஒக்காந்துக்கிட்டா!" என்று ஒருத்தி. "அவ உசுரோட இருந்தப்பக்கூட இவ்ளோ பெருசா இல்லடி" என்று இன்னொருத்தி. நான் மீன் வாங்காமல் வந்துவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில். கையெழுத்துப் போடாதே. அது உன் அம்மாவாகவே இருக்கட்டும். கலைப்பதாக இருந்தால் நான் சொல்லிக் கலைய வேண்டும். ஸ்ரெச்கோ சொல்லி இல்லை.

பால்மிரா


டோலாட்ஸ், மே 12

பால்மிரா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

பெட்டியைத் திறந்து மறுபடியும் பார்த்தேன். நீ சொன்னதுதான். அதை நான் எடுத்தபோது நீலத் தாளில் சுற்றியிருந்தது. உன்னுடையது வெள்ளைத் தாளில் இருக்கும் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. ஒன்று மட்டும் இருக்கிறதே, இன்னொன்று எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு முனையாக அளந்தேன். யாருடையது என்பதைப் பார்க்கவில்லை. நில அளவையில் இதைச் செய்தால் வேலையிலிருந்து நீக்குவார்கள். பக்கத்து வீட்டு நிலத்தை மிகத் துல்லியமாக அளந்து கொடுத்த மாதிரி.

சூப்பும் நினைவிருக்கிறது. அது மீன் சூப். நான் தட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நிறுத்திவிடுவாள், நிறுத்திவிடுவாள் என்று காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தது. கையெழுத்துப் போடவில்லை.

கலைப்பது பற்றி யோசித்து வைத்திருக்கிறேன். முழுவதையும் எடுக்க, ஒரு நாளைக்கு இருபது கூடை என்றால், ஜூலை நடுவில் முடியும். சுண்ணாம்பு அடித்த கல்லைத் தொட்டால் கை பொரிகிறது, அதனால் முதல் மழைக்குக் காத்திருப்பது நல்லது. அல்லது சுண்ணாம்பின் மேல் மண்ணைக் கரைத்து ஊற்றினால் எதிர்க்கரைக்குத் தெரியாது. கல் அப்படியே கிடக்கலாம். இதற்குப் பதினாலு நாள் போதும். டிங்கோவின் கழுதை இந்த மாதம் கிடைக்காது, உருளைக்கிழங்குப் பாத்திக்கு வேண்டுமாம். எந்த முறை என்று நீ சொல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் ஜன்னலின் உயரம் உண்மையில் அவ்வளவு தேவைப்படவில்லை. ஃபிலா கொடுத்த அளவைக் கூட்டினால் பதினேழு மீட்டர் சொச்சம் வருகிறது. பத்து மீட்டர் கூடக் குறைய இருந்தாலும் மொத்தப் படத்தில் ஒரு சாண்கூட மாறாது. மார்ச் மாதமே எனக்கு அது தெரியும். எதைக் கேட்டு உனக்கு எழுதுவது என்று தெரியாமல் அதைக் கேட்டேன். ஃபிலாவை அறுபத்தொன்பது படி அளக்க வைத்ததற்கு வருத்தம்.

யேர்கோ


மாலி ப்ரோட், மே 20

யேர்கோ,

நேற்று படகில் டிக்கெட் கிழிக்கிற யுர்கா ஃபிலா வீட்டுக்கே ஏறி வந்தாள். அவள் கால் வலிக்கு அறுபத்தொன்பது படி ஏறுகிறவள் இல்லை. ஒரு காபி குடித்தாள், இரண்டாவதும் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஒன் வீட்டுக்காரர் கூட்டத்துல எந்திரிச்சாரு தெரியுமா?"

"கையெழுத்துப் போடலையாம். எழுதியிருந்தார்" என்றேன்.

"அவ்ளோதான் எழுதினாரா? அட கடவுளே, இந்த மனுஷன!"

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. மலையைப் பற்றிக் கேட்டார்கள், முடியாது என்றாய். "அது நட்சத்திரம் இல்ல, எங்க அம்மாவோட லேஸ். தப்பா போட்டுட்டேன்" என்றாய். கூட்டம் முழுக்கச் சிரித்ததாம். ஸ்ரெச்கோவே சிரித்து, சரி உட்காருங்கள் என்றாராம். நீ உட்காரவில்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தாய், அது ஆடிய ஆட்டத்தில் உனக்கே படிக்க முடியவில்லை, டிங்கோ வாங்கிப் படித்தான். சாலைக்காக ஜனவரியில் நீ போட்ட கையெழுத்து செல்லாது. தொட்டி இருக்கும் மூலை என் பெயரில் இருக்கிறது, என் அப்பா எழுதி வைத்தது. அளவை வேலையில் இருந்த உனக்கு அது நன்றாகத் தெரியும், தெரிந்தும் போட்டாய், அது உன் குற்றம். யாருக்காவது அந்த இடம் வேண்டுமானால் என்னைக் கேட்க வேண்டும்.

"படிச்சு முடிச்சதும் டிங்கோ என்ன சொன்னான் தெரியுமா?" என்றாள் யுர்கா. "'அன்னைக்கே சொன்னேன்ல, அந்தம்மா தேர்தல்ல நின்னிருக்கணும்னு.'"

இதை விட்டுவிட்டு எனக்குச் சுண்ணாம்பு பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய்.

ஸ்ரெச்கோவின் ஆள் நேற்று முன்தினம் எனக்கே கடிதம் போட்டிருக்கிறான். ‘மதிப்புக்குரிய அம்மையாருக்கு’ என்று. தொட்டியைச் சுற்றிக்கொண்டு சாலை போட முடியுமா என்று பார்க்கிறார்களாம். முடிந்தாலும் முடியாவிட்டாலும் என்னைக் கேட்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். காத்திருக்கட்டும்.

இனி மலை விஷயம். மண்ணும் ஊற்றாதே, மழைக்கும் காத்திருக்காதே. ஓரம் எல்லோருக்கும் பொது, அது கிடக்கட்டும். நடுவை என்ன செய்வது என்று இப்போது சொல்லமாட்டேன். தினமும் காலையில் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து உன் அம்மாவின் கை நல்ல கைதான் என்று நேற்று தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

ஆனால் ஒன்று. நீ அதைப் பார்க்கவே இல்லை. சரிவில் நின்று பார்த்தால் வெறும் கல்வரிசைதான் தெரியும், இழுத்துப் போட்ட கோடுகள். சரியாகத் தெரிகிற இடம் ஒன்றே ஒன்று என்று நீதான் எழுதினாய், அது இங்கே இருக்கிறது. சனிக்கிழமை ஏழு மணிப் படகில் வா. ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே, ஒரு மாற்றுச் சட்டை எடுத்துக்கொள். வரைபடம், அளவுகோல் எதுவும் வேண்டாம். ஃபிலாவின் ஜன்னல் குறுகல். இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்றால் தோள் இடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். இடித்தால் இடிக்கட்டும்.

கடைசியாக, கேட்டுக்கொள். நான்கு கடிதம் எழுதியிருக்கிறாய். எடுத்து வரிசையாக வைத்துப் படித்துப் பார்த்தேன், உன் மாதிரியே. உயரம் கேட்டிருக்கிறாய், மன்னிப்புக் கேட்டிருக்கிறாய், கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். "வீட்டுக்கு வா" என்று ஒன்றில்கூட இல்லை. நீயாக எழுதாமல் நான் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

பால்மிரா


படகில், மே 24, சனிக்கிழமை

பால்மிரா,

இதைத் தபாலில் போட்டிருந்தாலும் இதே படகில்தான் வந்திருக்கும். அதனால் தபால்தலை ஒட்டாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நானே கொண்டுவருகிறேன். உன் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது. கதவைத் திறந்ததும் கையில் கொடுத்துவிடுவேன். நீ படித்து முடிக்கும்வரை வாசற்படியில் நிற்கிறேன்.

எல்லோரும் படகின் பின்பக்கம் போய் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூப்பிடுகிறார்கள். நான் முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். உன் ஜன்னலிலிருந்து பார்ப்பதற்கு முன் பார்க்க விருப்பமில்லை. கடல் கொஞ்சம் ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மாத்திரை எடுத்துக்கொண்டேன். கோழிகளை டிங்கோ பார்த்துக்கொள்கிறான். நேற்றிரவு யோசித்ததில் ஒரு பக்கத்துக்கு எழுத விஷயம் இருந்தது. இப்போது அதில் எதுவும் தேவையாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வா, பால்மிரா.

இன்றைக்கே என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஏறும்போது யுர்கா கேட்டாள்: "போக மட்டுமா, போயிட்டு வரவுமா?"

"போக ஒண்ணு. வர ரெண்டு" என்றேன்.

அவள் டிக்கெட்டைக் கிழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, படகு முழுக்கக் கேட்கும்படி அதைத் திருப்பிச் சொன்னாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்றேன்.

யேர்கோ